பேர் சொல்லாத ஜெபம்

எனக்கு நன்றாக ஜெபம் பண்ண வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அதனால் வந்த வினையைத்தான் இப்போது எழுதுகிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். இனி இதனால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எனக்கு மட்டும் இன்னும் உறுத்துகிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. சங்கரன்கோவிலில் எங்கள் சபை நடத்திய ஆரம்பப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தபால் ஆபீஸில் வேலை. அந்த வருஷம் சபைக்குப் புதிதாக ஓர் ஐயர் வந்தார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிச் சபை தூங்குவதை அவர் இரண்டு மாதம் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாவது மாதம் சபையைத் தெருவாரியாகப் பிரித்தார். "வீட்டுல உட்கார்ந்தா யாரும் தூங்க முடியாது, காபி குடுத்து எழுப்பி விட்டுருவாங்க" என்று சொல்லி வீட்டு வேதபாடக் கூட்டங்களை ஆரம்பித்து வைத்தார். எங்கள் தெருப் பெண்களுக்கு நான் தலைவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுவோம், வாரம் ஒரு வீட்டில்.

ஏழெட்டுப் பேர் வருவார்கள். முதலில் ஒரு பாட்டு. பிறகு ஓர் அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். அதன்பின் நான் கேள்வி கேட்பேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்கிற தோரணை என்னைவிட்டுப் போகாது. பதில் தெரியாதவர்களை எழுந்து நிற்கச் சொல்லாததுதான் பாக்கி. கம்பவுண்டர் வீட்டு அக்கா ஒருநாள், "டீச்சர், இன்னைக்கு பெரம்பு எடுத்துட்டு வரலையா?" என்று கேட்டேவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி பதில் முடிந்ததும் ஜெபக்குறிப்பு. யார் யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மாமியாருக்கு முழங்கால் வலி, மாட்டுக்குச் சினை பிடிக்கவில்லை, இப்படி எல்லாம் வரும். அத்தனையையும் மனதில் வாங்கிக்கொண்டு, கடைசியில் நான் ஒரே ஜெபமாகப் பண்ணி முடிப்பேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று எனக்குத் தொண்டை நன்றாகத் திறந்துகொண்டது. "டீச்சர் ஜெபம் பண்ணினா உருக்கமா இருக்கும்" என்று பேர் வாங்கியிருந்தேன். அடுத்த தெருக் கூட்டத்தில் இருந்துகூட இரண்டு பேர், என் ஜெபத்தைக் கேட்கவென்றே, காபி நேரத்துக்குச் சற்று முன்னால் வந்து உட்காருவார்கள்.

எங்கள் ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று ஆரம்பிப்போம். ஆரம்பித்துவிட்டு, அவருக்குத் தெரிந்த அத்தனையையும் அவருக்கே விலாவாரியாகச் சொல்லுவோம். யார் மகன் யாரோடு சுற்றுகிறான், எந்த வீட்டில் எந்த மருமகள் பெட்டியோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், எல்லாம் அதில் வந்துவிடும். புறணி என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது ஜெபம். என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்: "ஆண்டவருக்கே நியூஸ் வாசிக்கா இவ!" அவருக்கு ஆன்மிகம் போதாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்களில் சைக்கிள் கடை அக்காவும் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர், சைக்கிள் கடை அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சபைக் கமிட்டியிலும் இருந்தார். அக்கா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் வசனம் வாசிப்பாள். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு ஒரே மகள். பெரிய பரீட்சை எழுதி நல்ல மார்க்கோடு பாஸாகி வீட்டில் இருந்தாள்.

முந்தின வருஷம் அண்ணாச்சி டைபாய்டில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள்தான் கூடவே இருந்து பார்த்தாள். அங்கே ஒரு நர்ஸ் அவளுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை யார் கையையும் சும்மா விடுவதில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் காபி குடிக்கும்போது, வலது கையில் டம்ளரோடு இருக்கிறவர்களின் இடது மணிக்கட்டைப் பிடித்து, என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். "டீச்சருக்கு எழுபத்தெட்டு. கம்பவுண்டர் வீட்டு அத்தைக்கு தொண்ணூறு, இன்னைக்கு யார்ட்டயோ சண்டை போட்டிருக்காங்க." சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

அவளுக்கு நர்ஸ் டிரெயினிங் போக வேண்டும். வேறு ஆசையே கிடையாது. ஆனால் அண்ணாச்சி, வாசுதேவநல்லூரில் இருந்த தன் அக்கா மகனுக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாமல் கிடந்த தம்பியை எடுத்து வளர்த்த அக்கா அவள். அந்தப் பையன் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயல் இருந்தது, எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. பிள்ளைக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சைக்கிள் கடை அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டிரெயினிங்குக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

"பாரம் இங்கிலீஷ்ல இருக்குமாமே டீச்சர். நீங்கதான் எழுதித் தரணும். அவருக்குத் தெரியக் கூடாது. சேர்ந்தப்புறம் நான் அவர் கால்ல விழுந்தாவது சரிக்கட்டிக்கிடுதேன்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விண்ணப்பப் பாரம் வரவழைத்து, என் கையால் நிரப்பி, பதில் வருவதற்கு என் வீட்டு விலாசத்தையே போட்டேன். ஒரே மாதத்தில் இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. சேரன்மாதேவியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, அக்காவே மகளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கார்டு அதுவரை என்னிடமே இருக்கட்டும் என்றாள். என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

"நம்ம கூட்டத்துல இதுக்கு ஜெபம் பண்ணலாமாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா யோசித்தாள். "பேர் சொல்லாம பண்ணுங்க டீச்சர்" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை, கூட்டம் கம்பவுண்டர் வீட்டில். பாட்டு ஆரம்பித்த பிறகுதான் சைக்கிள் கடை அக்கா வந்தாள். பிள்ளை வரவில்லை. அக்காவோடு நான் பார்த்திராத ஒரு பெரிய மனுஷி வந்து, வாசல் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்தாள். பாட்டு நடந்துகொண்டிருந்ததால் யாரும் யார் என்று கேட்கவில்லை. எனக்குப் புது முகத்தைக் கண்டால் குஷி. அன்றைக்குப் பாடத்தையே கொஞ்சம் தூக்கிப் பிடித்து நடத்தினேன்.

ஜெபக்குறிப்பு வந்தது. அந்தப் பெரிய மனுஷி, "எனக்குக் கண்ணுல பொரை விழுந்திருக்கு, ஜெபம் பண்ணுங்கம்மா" என்றாள். அடுத்தது சைக்கிள் கடை அக்காவின் முறை. நான் அர்த்தத்தோடு அவளைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள்.

"சும்மா சொல்லுங்கக்கா."

"ஒண்ணும் இல்ல டீச்சர்." இந்தத் தடவை கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கக் கூச்சப்படுவதை நாம் கேட்டுவிடுவோம் என்று கண்ணை மூடினேன். கண்ணை மூடாமல் இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த இடத்துக்கே திரும்பிப் போய் நின்றிருக்கிறேன். ஏ மூதேவி, ஒரு நிமிஷம் கண்ணைத் திற என்று என்னையே வைதிருக்கிறேன்.

மற்றவர்களுக்காக ஜெபித்து முடித்தேன். கண் பொரைக்காக ஜெபித்தேன். பிறகு, "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று குரலை இறக்கித் திரும்ப ஆரம்பித்தேன். எங்களில் ஒரு தாயார் உம்முடைய சமுகத்தில் கண்ணீரோடு இருக்கிறார்கள் என்றேன். தாதிப் படிப்புக்குப் போக விரும்புகிற ஒரு மகளை உமது கரத்தில் வைக்கிறோம் என்றேன். பாதி ஜெபத்தில் கரண்ட் போய்விட்டது. தெருவில் அத்தனை தறிகளும் ஒன்றாக நின்றன. என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. எனக்கே அது பிடித்திருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் உருகினேன். தகப்பனுடைய மனதை இளகப்பண்ணும் ஆண்டவரே, உறவில் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை உடைத்துப் போடும், வருகிற செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அவர்கள் வெளியே தெரியாமல் புறப்பட்டுப் போகும்போது உம்முடைய தூதர்கள் காவலாகப் போகட்டும் என்றேன். நடுவில் சைக்கிள் கடை அக்கா இரண்டு தரம் இருமினாள். அழுகிறாள், என் ஜெபம் அவளைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அந்தப் பெரிய மனுஷி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். "யாருக்கா அது?" என்று கேட்டேன்.

"வாசுதேவநல்லூர் மதினி" என்றாள் அக்கா. அண்ணாச்சியை வளர்த்த அக்கா. கண் ஆஸ்பத்திரிக்குப் போக மத்தியான பஸ்ஸில் வந்திருக்கிறாள். நானும் வாரேன் என்று கூடவே கிளம்பி வந்தவளை அக்காவால் தடுக்க முடியவில்லை.

"நான் பேர் சொல்லலையேக்கா" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"ஆமா டீச்சர், நீங்க பேர் சொல்லல" என்றாள். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே சைக்கிள் கடை அண்ணாச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன் டீச்சர். எங்க வீட்டுப் புள்ளைக்கு யாரு பாரம் எழுதிப் போட்டது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்றேன். "ஜெபக்குறிப்பு சொன்னாங்க, ஜெபம் பண்ணினேன். அம்புட்டுதான்."

அவர் கை கிரீஸைத் துண்டில் துடைத்தார். "அவளும் அதான் சொல்லுதா. அவளேதான் எழுதிப் போட்டாளாம். அஞ்சாங்கிளாஸ் படிச்சவ. இங்கிலீஷ்ல."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான்தான் எழுதினேன் அண்ணாச்சி, பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கத்தியிருப்பார், கத்திவிட்டு யோசித்திருப்பார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அடுத்த மாதம் கமிட்டி கூடி டீச்சர்களை நிரந்தரமாக்கப் போகிறது; அதில் அவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. வாயைத் திறக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள்தான்.

"சரி டீச்சர், ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "கார்டு ஒன் பைபிளுக்குள்ளதான இருக்கு?" என்று கேட்டார். "உங்க வேலையப் பாருங்க" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

இதோடு முடிந்திருந்தால், வாய்த்துடுக்கு என்று மன்னித்துக்கொண்டு போயிருக்கலாம். முடியவில்லை. திங்கட்கிழமை மத்தியான மணி அடித்துப் பிள்ளைகளைச் சாப்பிட விட்டிருந்தேன். சைக்கிள் கடை அக்கா வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"அடிச்சாராக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. யார்ட்டயும் பேசல. மதினி வீட்டுலயே இருக்கா, என்னால ஒரு எட்டு அசைய முடியல. இப்பவும் உப்பு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு அஞ்சேகால் பஸ். புள்ள பால் வாங்கப் போறாப்ல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவா. அவர் கடை தொறக்க ஆறரை ஆயிரும். நீங்க கார்டை எடுத்துட்டு வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க டீச்சர். சாயந்தரம் வந்ததும் என்ன நடந்தாலும் நான் பட்டுக்கிடுதேன்."

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்கா."

"ஜெபம் போதும் டீச்சர். நீங்க வாங்க."

அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "வாரேன்கா" என்றேன். சத்தியமாக, சொல்லும்போது போவதாகத்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எழுந்தேன். குளித்து, சேலை கட்டி, கார்டைக் கைப்பையில் வைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷ நடை. புறப்படுகிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுப் போவோம் என்று முழங்கால் போட்டேன். உமக்குத் தெரியும் ஆண்டவரே, என் வேலை நிரந்தரமாகவில்லை என்று ஆரம்பித்தேன். வீட்டில் ஒரு சம்பளம் போதாது என்றேன். ஒரு குடும்பத்தில் தகப்பனுக்கு விரோதமாகப் பிள்ளையைக் கூட்டிப் போவது உமக்குச் சித்தமா என்று கேட்டேன். சித்தமானால் ஓர் அடையாளம் காட்டும் என்றேன். காட்டவில்லை. இன்னும் கொஞ்சநேரம் முழங்காலிலேயே இருந்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தது. இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என்னைப் பார்த்தார். "நீ போகலையா?"

"ஜெபம் பண்ணிப் பார்த்தேன். வழி ஒண்ணும் தெரியல."

"பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியாதா ஒனக்கு?" என்றார்.

அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, சாகும்வரை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பிள்ளை கையில் பால் தூக்குவாளியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாள். அஞ்சேகால் பஸ் போயிருக்கிறது. அடுத்த பஸ்ஸும் போயிருக்கிறது. கார்டு இல்லாமல் அவள் எங்கே போக முடியும்? ஆறரைக்குக் கடை திறக்க வந்த அண்ணாச்சி அவளைப் பார்த்து, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். கம்பவுண்டர் வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். மூன்றாம் மாதம் எங்கள் சபைக் கோவிலிலேயே கல்யாணம். போனேன். கல்யாணச் சோறு சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். அதே வருஷம் எனக்கு வேலையும் நிரந்தரமானது. கமிட்டியில் அண்ணாச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம்.

சைக்கிள் கடை அக்கா இனி கூட்டத்துக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். அந்த வாரமே வந்தாள். அதன்பிறகும் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தாள். எழுத்துக்கூட்டி வசனம் வாசித்தாள். ஜெபக்குறிப்பு அவளிடம் வரும்போதெல்லாம், "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். மகளுக்கு முதல் பிள்ளை தங்காமல் போனபோதும் அப்படித்தான் சொன்னாள். அந்தச் செய்தியை நான் வேறொருத்தியின் ஜெபக்குறிப்பில்தான் கேட்டேன். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வந்து கால்விரல் எடுத்த வாரமும் "ஒண்ணும் இல்ல டீச்சர்"தான். எட்டு வருஷம், வாரம் தவறாமல்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை அவள் வீடு வரை போயிருக்கிறேன். வாங்க டீச்சர் என்று பாய் விரிப்பாள். முருங்கைக்காய் விலையைப் பேசுவோம். மழையைப் பேசுவோம். எழுந்து வந்துவிடுவேன். என் ஜெபமும் சுருங்கிப் போயிற்று. விவரம் எதுவும் சொல்லாமல் எல்லாரையும் ஆசீர்வதியும் என்று முடித்துவிடுவேன். டீச்சருக்குப் பழைய உருக்கம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் சைக்கிள் கடை அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவளால் வர முடியாததால், அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்தை அவள் வீட்டிலேயே வைத்தோம். கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தோம். வாசுதேவநல்லூரில் இருந்து மகள் வந்திருந்தாள். பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் திண்ணென்று வளர்ந்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்தன. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. வாசித்து முடித்தோம். ஜெபக்குறிப்பு கேட்காமல் பைபிளை மூடினேன். மகளே என்னைப் பார்த்துப் பேசினாள்.

"டீச்சர், ரொம்ப நாளா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஒங்களுக்கு ரொம்பக் காய்ச்சலா?"

"என்னைக்கு மக்கா?"

"நான் பஸ் ஸ்டாண்டுல நின்னேன்லா, அன்னைக்கு. வீட்டுக்கு வந்து அம்மாட்ட அழுதேன். டீச்சருக்குக் கடுமையான காய்ச்சல், எந்திரிக்க முடியல, இல்லன்னா வராம இருப்பாங்களான்னு அம்மா சொன்னா. ஒங்களை ஒரு வார்த்தை குறைச்சலாப் பேச விட மாட்டா. அதுக்கப்புறம் ஒங்களை ஒருநாள் கூட வந்து பாக்காமலே கல்யாணமாகிப் போயிட்டேன். ஆனா அன்னைக்கு ஒங்க காய்ச்சல் விடணும்னு நான் ஜெபம் பண்ணினேன் டீச்சர்."

நான் கட்டிலைப் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது. அதில் கோபம் இருந்ததா, போதும் சொல்லிவிடு என்று இருந்ததா, சொல்லாதே என்று இருந்ததா? எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளுக்கு அந்த ஒரு முகத்தை வாசிக்கத் தெரியவில்லை.

"ஆமா மக்கா" என்றேன். "காய்ச்சல்தான்."

அவள் சிரித்தாள். பழைய பழக்கத்தில் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்சநேரம் எண்ணினாள். "என்ன டீச்சர், இந்த ஓட்டம் ஓடுது? இப்பவும் காய்ச்சல் இருக்கா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க டீச்சர். முன்னமாதிரி உருக்கமா" என்றாள். என் கையை விடவில்லை.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். கடைசியாக அக்காவும் மூடினாள். "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. நோயாளிக்காக டீச்சர் உடைந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து, கம்பவுண்டர் வீட்டு அக்கா ஆமென் சொல்லி முடித்துவைத்தாள்.